மைதான மூலையில் ஒரு வீடு

நாவற்கேணி மகா வித்தியாலயத்து மைதானத்தின் கிழக்கு மூலையில், ஒரு வியாழக்கிழமை முற்பகல், பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி வெறுங்கையால் ஒரு வீடு கட்டினாள். பாடம் முடிந்து மணியடித்துப் பிள்ளைகள் எல்லாரும் எழும்பி ஓடின பிறகும் அந்த வீடு நின்றது. நின்றது என்றால் கண்ணுக்குத் தெரிய நிற்கவில்லை, ஆனால் ஆரானாலும் அந்த வழியால் போனால் முட்டாமல் போக முடியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுக்கதையில் மறித்து, இதென்ன புதினம், நடக்கிற காரியமோ என்று கேட்பீர்கள். நடந்தது. நாவற்கேணியில் ஆரைக் கேட்டாலும் நெற்றியைத் தடவிக்கொண்டே ஓம் என்று சொல்லுவார்கள்.

அந்தப் பாடத்தைப் படிப்பித்தவர் வில்வராணி ரீச்சர். நாடகமும் அரங்கியலும் என்பது பாடத்தின் பெயர். கணக்கு ஓடாத பிள்ளை, சங்கீதத்துக்குக் குரல் ஒத்து வராத பிள்ளை, சித்திரத்துக்குக் கலர்ப்பெட்டி வாங்க வழியில்லாத பிள்ளை எல்லாம் கடைசியில் வந்து ஒதுங்குகிற பாடம் அது. மற்ற ஆசிரியர்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், "உங்களுக்கென்ன ரீச்சர், பிள்ளையள் ஆடினாலும் மாக்ஸ், ஆடாட்டிலும் மாக்ஸ்" என்று பகிடி விடுவார்கள். ரீச்சரும் சிரித்துவிட்டு வந்து, உடைந்த மேசை கதிரை அடைந்து கிடந்த மண்டபத்தில் இடமில்லாததால், மைதான மூலையில் நின்ற வாகை மரத்துக்குக் கீழே தன் வகுப்பை நடத்துவார். சிரிப்பாரே தவிர, அந்தப் பகிடி அவருக்கு உள்ளே போய்த் தைத்துக்கொண்டுதான் இருந்தது. ஒருநாளைக்கு இவர்கள் எல்லாரும் என் பாடத்தைப் பார்த்து வாயடைத்து நிற்க வேண்டும் என்று கோயிலில் விளக்கு வைக்கிறபோதுகூட நினைத்திருக்கிறார்.

ஊமம் என்று ஒரு அலகு இருக்கிறது. பேச்சில்லை, பொருளில்லை, உடம்பு மட்டும். இல்லாத குடத்தைத் தூக்கினால் பார்க்கிறவனுக்கு அதில் தண்ணீர் தளும்ப வேண்டும், இல்லாத கயிற்றை இழுத்தால் பார்க்கிறவனுக்கு உள்ளங்கை எரிய வேண்டும். இதைப் படிப்பிக்கும்போது வில்வராணி ரீச்சர் ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார்: எடுத்ததை வைத்துவிட்டு வா. இல்லாத குடமென்றாலும் இறக்கி வைக்க வேண்டும், இல்லாத கதவென்றாலும் சாத்திவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்க வேண்டும், அந்தரத்தில் விட்டுவிட்டு வரக் கூடாது. ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், அப்படித்தான் என்பார். அவருக்குப் படிப்பித்தவர் சொன்னது அது, அதற்கு மேலே அவருக்கும் தெரியாது.

அந்த வியாழக்கிழமை, "உங்கடை வீட்டைச் செய்து காட்டுங்கோ" என்று சொன்னார். ஒருத்தன் ரீவி பார்த்தான், ஒருத்தி தம்பியைக் குளிக்க வார்த்தாள், இன்னொருத்தன் பாயை விரித்துப் படுத்து உண்மையிலேயே நித்திரையாகிப் போனான். யசோதினியின் முறை வந்தபோது அவள் எழும்பி நின்று ஒரு கேள்வி கேட்டாள்.

"இருக்கிற வீடோ ரீச்சர், எங்கடை வீடோ?"

ரீச்சருக்கு அந்தக் கேள்வியின் பாரம் அப்போது விளங்கவில்லை. "உங்கடை வீட்டைத்தான் பிள்ளை" என்றார்.

யசோதினியின் தாய் இரத்தினேஸ்வரி, கொட்டடிப்புலத்து ஆள். கொட்டடிப்புலம் நாவற்கேணியிலிருந்து சைக்கிளில் போய்விடுகிற தூரம்தான். ஆனால் சண்டைக் காலத்தில் சனம் முழுக்க ஒரே பகலில் எழும்பி ஓட, பிறகு ஊரைச் சுற்றிக் கம்பிவேலி வந்து, சண்டை முடிந்தும் அந்த வேலி அகலவில்லை. அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து கொடுப்பார்கள். தாய்க்கு வந்த வீடு மகளுக்குப் போகும், மகளுக்கு வந்தது அவள் மகளுக்குப் போகும். இரத்தினேஸ்வரிக்கும் தகப்பன் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார், சுவரின் சுண்ணாம்பு மணம் போக முன்னம், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, மாற்றிக் கட்ட ஒரு சேலையும் இல்லாமல் இரத்தினேஸ்வரி அதை விட்டுவிட்டு ஓடினார். பிறகு முகாம், கொட்டில், ஆராரோ வீட்டு விறாந்தை. பிள்ளை பிந்திப் பிறந்தது. புருசன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். இப்போது மச்சாள் வீட்டுக் கோடிப்பக்கத்தில் ஓர் அறை. பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடவில்லை அந்த மனிசி. வீட்டைத்தான் சொன்னார். விறாந்தைப் படி எத்தனை உயரம், குசினி யன்னலால் என்ன தெரியும், சாமியறைக் கதவு மழைக்கு எப்படி இறுகும் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளையை வளர்த்தார். கடைசியில் எப்போதும், "உனக்குத் தாறதுக்கு எனக்கொரு வீடு இல்லாமல் போச்சே" என்று ஒரு பெருமூச்சு.

அதனால் யசோதினி மற்றப் பிள்ளைகளைப் போல இருக்கிற வீட்டில் நடந்து காட்டவில்லை, அடியிலிருந்து கட்டினாள். குனிந்து அத்திவாரக் கல்லை வைத்தாள், கல்லின் பாரத்தில் அவள் கழுத்து நரம்பு புடைத்தது. சுவரை எழுப்பினாள், நிலையை நிமிர்த்தினாள், ஏணியில் ஏறி ஓட்டைப் பரப்பினாள், கூரையிலிருந்து இறங்கும்போது அவள் பாதம் ஒவ்வொரு படியாகத் தேடித் தேடி வைத்ததைப் பார்த்து, நித்திரையான பெடியனும் எழும்பி உட்கார்ந்தான். காற்று நின்றது. முன்கதவைத் திறந்து அவள் உள்ளே ஒரு கால் வைத்த நேரம் மணி அடித்தது. அடுத்த பாடம் விஞ்ஞானப் பரீட்சை. பிள்ளைகள் பாய்ந்து ஓட, யசோதினியும் அவர்களோடு ஓடினாள். ரீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது. வாயைத் திறந்து கட்டளையைச் சொல்லவேண்டிய நேரத்தில் அவர் கண்ணைத் துடைக்க லேஞ்சியைத் தேடிக்கொண்டிருந்தார்.

முதலில் கண்டுபிடித்தது ஓர் ஆடு. மைதானத்தில் மேய்ந்துகொண்டு வந்தது முட்டிக்கொண்டு நின்றது, பின்னுக்குப் போய்த் திரும்ப வந்து முட்டியது, பிறகு யோசித்துப் பார்த்துவிட்டுச் சுற்றிப் போனது. அடுத்த நாள் காலமை, மைதானத்துக்கு மேலே அந்தரத்தில் காகங்கள் வரிசையாகக் குந்தியிருந்தன. சனிக்கிழமை மழை பெய்தபோது ஊர் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தது. ஒன்றுமில்லாத இடத்தில் மழை தட்டுப்பட்டு, ஓடு ஓடாக வழிந்து, தாழ்வாரத்தால் நான்கு பக்கமும் சொட்டிக்கொண்டிருக்க, நடுவிலே நிலம் காய்ந்து கிடந்தது. நல்ல கூரை, ஒழுக்கில்லை என்று மேசன் கந்தப்பு சொன்னார். அவ்வளவுதான் அன்றைக்கு ஊர் பேசிய பேச்சு.

அதிபர் சபாநாதனுக்கு வேறு கவலை. விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று, ஓடுபாதையின் வளைவு நேரே குசினிக்குள்ளாலே போகிறது. கோட்டை அழித்து வளைவைத் தள்ளிப் போடச் சொன்னார். போட்டியன்று பிள்ளைகள் வீட்டைச் சுற்றித்தான் ஓடினார்கள். நீலப் பெனியன் போட்ட பெடியன் மட்டும் குறுக்கால ஓடப் பார்த்து முன்பல்லைக் கொடுத்தான். ஊர்ப் பதிவு வைத்திருக்கிற விதானையார் வந்து சுற்றிப் பார்த்து, இதற்கு வீட்டிலக்கம் கொடுக்கிறதோ விடுகிறதோ என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஐயா முட்டிக்கொண்டு, குனிந்து மூக்குக் கண்ணாடியைப் பொறுக்கி எடுத்து, மிச்ச மேற்பார்வையை எல்லாம் இருந்த இடத்திலேயே முடித்தார்.

இரத்தினேஸ்வரி வந்தது அதற்குப் பிறகு. மகள் ஒன்றும் சொல்லவில்லை, ஊர் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ. அவர் மைதானத்தால் நடந்து வந்து, ஓரிடத்தில் செருப்பைக் கழற்றி, சரியாக விறாந்தைப் படி உயரத்துக்குக் காலைத் தூக்கி வைத்து ஏறினார். நிலையைத் தடவினார். உள்ளே போனார். ஒவ்வொரு அறையாக அவர் போவதை வாகை மரத்துக்குக் கீழே நின்ற வில்வராணி ரீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் தெரியாததால் எல்லாம் தெரிந்தது. சாமியறைக் கதவைத் தோளால் ஒரு இடி இடித்துத் திறந்தார். குசினிக்குள் போய்க் குந்தி, அடுப்பைப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற யசோதினி ரீச்சரின் கையைப் பிடித்தாள்.

"அம்மா சிரிக்கிறா ரீச்சர்" என்றாள். "நான் இதுக்கு முன்னம் கண்டதில்லை."

அன்றிலிருந்து அவர் திரும்பிப் போகவில்லை. மச்சாள் வந்து கூப்பிட்டார், "சொந்த வீடு இருக்க நான் ஏன் உங்களுக்குக் கரைச்சல் தரவேணும்" என்று பதில் வந்தது. ஊர்ப் பெண்கள் ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள், படிக்கு வெளியே மூன்று கல் வைத்து, உண்மைப் பால். போகிறவர் வருகிறவர் படியடியில் செருப்பைக் கழற்றினார்கள். மகளும் புத்தகப் பையோடு அங்கேயே வந்து சேர்ந்தாள். இரத்தினேஸ்வரி கட்டிலில் படுத்தால் நிலத்துக்கு மேலே முழங்கால் உயரத்தில் மனிசி மிதக்கிற மாதிரி இருக்கும், முதலில் பயந்த சின்னப் பிள்ளைகள் பிறகு அதையும் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

கம்பிவேலிக்கு அங்கால் வீட்டை விட்டு வந்த சனம் அந்தப் பக்கத்தில் குறைவோ? ஒவ்வொருத்தராக வந்தார்கள். "ரீச்சர், எங்கடை பேரனுக்கும் உந்த வித்தையைச் சொல்லிக் குடுங்கோவன். பெரிசா வேண்டாம், ஒரு அறையும் கிணறும் காணும்." மருத்துவம் படிக்கவேண்டிய பிள்ளையையெல்லாம் கொண்டுவந்து நாடகத்துக்குச் சேர்த்தார்கள். கணக்கு வாத்தியாரே தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஆனால் மற்றப் பிள்ளைகள் கட்டினது ஒன்றும் நிலைக்கவில்லை. ஒரு பெடியன் தோண்டின கிணறு இடைவேளை வரைக்கும் இருந்து, அதற்குப் பிறகு தூர்ந்துபோனது. அதற்கே அவன் பாட்டன் கற்கண்டு வாங்கிக் கொடுத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, வில்வராணி ரீச்சருக்குப் பெருமைதான். பகிடி விட்ட வாய்கள் எல்லாம் எழும்பி நின்று கதிரை கொடுத்தன. மாகாணத்திலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு கதையும் வந்தது. ரீச்சர் புதிதாக இரண்டு சேலை எடுத்தார். வீட்டை அடுத்த தவணைக்கும் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் நல்ல நல்ல காரணங்கள் இருந்தன, ஒவ்வொரு காலமையும் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவற்றைச் சொல்லிப் பார்ப்பார்.

ஆனால் இரத்தினேஸ்வரி சாப்பிடவில்லை.

சாப்பிடவில்லை என்று சொல்லவும் முடியாது. விடிய எழும்பி அடுப்பு மூட்டுவார், அரிசி களைவார், தேங்காய் துருவுவார், மீன் பொரிப்பார்; பொரிக்கிற வாசம் ஏழாம் ஆண்டு வகுப்புவரைக்கும் போய்ப் பிள்ளைகளுக்கு வாயூறும். வாழையிலை போட்டு, குழைத்து, உருட்டி, ருசித்துச் சாப்பிட்டு ஏவறை விடுவார். எல்லாம் இல்லாத சோறு, ஒன்றும் வயிற்றுக்குள் போகவில்லை. மகள் மச்சாள் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து வைத்தால், "வீட்டிலை சமைச்சுக் கிடக்க வெளிச் சாப்பாடு என்னத்துக்கு" என்று யன்னலால் ஆட்டுக்குப் போட்டார். ஊர்ப் பெண்கள் கஞ்சி கொண்டுவந்தார்கள். அதையும் சிரித்த முகத்தோடு வாங்கி ஒரு பக்கத்தில் வைத்தார். ஆருக்கும் அவரோடு சண்டை பிடிக்க மனம் வரவில்லை, ஏனென்றால் அப்படிச் சந்தோசமான ஒரு முகத்தை நாவற்கேணி கனகாலமாகக் கண்டதில்லை. காப்பு மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைக்கு ஏறியது. கன்னம் ஒட்டியது. கண் மட்டும் பளபளவென்று இருந்தது.

ரீச்சர் அதைக் கண்டார். கண்டும் காணாதமாதிரி இருந்தார், பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு பார்ப்போம் என்று. ஒரு நாள் இரத்தினேஸ்வரி, "வாங்கோ ரீச்சர், ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டு, இல்லாத கோப்பையை நீட்டினபோது, அந்த நீட்டின கையின் எலும்பெல்லாம் தெரிந்தது. ரீச்சர் கோப்பையை வாங்கிக் குடித்து, நல்ல சாயம் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து வாகை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அட பாவி, உன் பாடத்துக்கு ஒரு மனிசியின் உயிரோ என்று தன்னைத்தானே கேட்டார். அன்று பின்னேரம் யசோதினியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, வீட்டைப் பிரிக்க வேணும்."

"நான் மாட்டன் ரீச்சர்."

"நீ கட்டினது. வேறை ஆராலும் ஏலாது. பிரிக்காட்டில் அம்மா—"

"தெரியும் ரீச்சர்." அவள் நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். "அங்கை அந்தக் கோடியறையிலை இருக்கேக்கையும் அவ செத்துக்கொண்டுதான் இருந்தவ. அதை ஒருத்தரும் பிரிக்கச் சொல்லேல்லை."

பத்தாம் ஆண்டுப் பிள்ளை, சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

அடுத்த கிழமை இரத்தினேஸ்வரி தண்ணீர் அள்ளப் போனவர் பள்ளிக்கூடக் கிணற்றடியில் விழுந்துவிட்டார். ஆசுப்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். இன்னொருக்கால் இப்படிக் கொண்டுவந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டொக்டர் மகளைப் பார்த்துச் சொன்னார். கண் முழித்த உடனே அவர், "வீடு திறந்தபடி கிடக்கு" என்று எழும்பி, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஓட்டோ பிடித்து வந்துவிட்டார். வந்த கையோடு அடுப்பை மூட்டினார்.

அன்றைக்கு யசோதினி தானாகவே ரீச்சரிடம் வந்தாள். அழவில்லை. கொப்பியும் பேனையும்கூடக் கொண்டுவரவில்லை.

"ரீச்சர், எடுத்ததை வைக்கிறது எப்பிடியெண்டு சொல்லித்தாங்கோ."

வில்வராணி ரீச்சர் சொல்லிக் கொடுத்தார். கட்டின மாதிரியே பிரிக்க வேணும், கடைசியாய் வைத்ததை முதலில் எடுக்க வேணும். எடுக்கும்போது இருந்த பாரம் வைக்கும்போதும் இருக்க வேணும், ஒன்றைக்கூட எறியக் கூடாது. உள்ளே ஆள் இருந்தால் பிரிக்க முடியாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, "மனம் வராமல் செய்தாலும் பிரியாது" என்றார்.

"மனம் வந்ததாலைதானே கேட்கிறன்" என்றாள் யசோதினி. பிறகு கொஞ்சம் யோசித்தாள். "ஆனால் அது அம்மான்ரை வீடு. அவவின்ரை வீட்டை நான் எப்பிடிப் பிரிக்கிறது. கேட்டு வாங்கவேணும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம், பள்ளிக்கூடம் விட்ட பிறகும் ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகவில்லை. எப்படித் தெரிந்ததோ, ஊரும் வந்து நின்றது. அதிபர் நின்றார், விதானையார் நின்றார், கம்பிவேலிச் சனம் எல்லாம் முன்னுக்கு நின்றது. யசோதினி படியடியில் செருப்பைக் கழற்றினாள். ஏறவில்லை. விறாந்தையில் இருந்த தாயைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இந்த வீடு எனக்குச் சீதனம் எண்டு சொன்னனீங்கள்தானே."

"பின்னை ஆருக்கு? உனக்குத்தானே வைச்சிருக்கிறன்."

"எனக்கு இப்ப தாங்கோ."

இரத்தினேஸ்வரி சிரித்தார். "கலியாணம் பேசி முடிஞ்சுதோ? இந்த வயசிலை என்ன அவசரம் உனக்கு?"

"நீங்கள் இருக்கேக்கை வாங்கவேணும் அம்மா. சபையிலை வைச்சுத் தாங்கோ. எல்லாரும் வந்து நிக்கினம்."

தாய் சனத்தைப் பார்த்தார். இத்தனை பேர் சாட்சியாக நிற்க மகளுக்கு வீடு கொடுக்கிற நாள் தனக்கு வருமென்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. முகம் விளக்கு ஏற்றின மாதிரி ஆகிவிட்டது. எழும்பினார், எழும்பச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த, கண்ணுக்குத் தெரியாத கதவுத் திறப்பை அவிழ்த்து, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, இரண்டு கையாலும் மகளின் கையில் வைத்தார். கனமான திறப்பு. பிள்ளையின் கை கொஞ்சம் தாழ்ந்ததை எல்லாரும் கண்டார்கள். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

"இனி இது என்ரை வீடுதானே அம்மா?"

"உன்ரைதான் பிள்ளை. ஆரும் கேக்கேலாது."

"அப்ப நான் இதைப் பிரிக்கப் போறன்."

இரத்தினேஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது கை ஓங்கிக்கொண்டு வந்தார், வந்த கைக்கு அடிக்கிற பலம் இருக்கவில்லை, அது பிள்ளையின் தோளில் விழுந்து அப்படியே கிடந்தது.

"உன்னட்டைத் தந்தால் நீ இதைத்தான் செய்வியோ? அப்பு கட்டித் தந்த வீடு. ஒருக்கா விட்டிட்டு ஓடினன். இன்னொருக்கா விடச் சொல்லுறியோ?"

"ஓம்."

"நீ பெத்த பிள்ளைக்கு என்னத்தைக் குடுப்பாய்?"

"ஏதாவது குடுப்பன். உழைச்சுக் குடுப்பன். குடுக்க இல்லாட்டில் விடுவன்." அப்போதுதான் யசோதினியின் குரல் உடைந்தது. "எனக்கு வீடு வேண்டாம் அம்மா. எனக்கு நீங்கள் வேணும். நீங்கள் செத்துப்போனால் இந்த வீட்டிலை நான் ஆரோடை இருக்கிறது?"

தாய் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சனத்தைப் பார்த்தார், ஆராவது தன் பக்கத்துக்கு ஒரு சொல் சொல்ல மாட்டார்களோ என்று. சொல்ல நினைத்தவர்கள் இருந்தார்கள். கம்பிவேலிச் சனத்தில் ஒரு கிழவர் வாயைத் திறந்தவர், பிள்ளையின் கண்ணைக் கண்டு மூடிக்கொண்டார்.

வில்வராணி ரீச்சர் முன்னுக்கு வந்தார். "அக்கா, பிழை என்னிலைதான். அவளை ஏசாதேங்கோ" என்றார்.

"அவளை ஏன் நான் ஏசப் போறன்" என்றார் இரத்தினேஸ்வரி மெல்ல. "அவள் வீட்டுக்காரி. அவள் சொன்னால் நான் இறங்கத்தானே வேணும்." குசினிப் பக்கம் திரும்பினார். "ஆனா நில்லுங்கோ. அண்டைக்கு அடுப்பை நூக்காமல் ஓடி வந்திட்டன். இண்டைக்கு அப்பிடிப் போகமாட்டன்."

உள்ளே போனார். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. உலையை இறக்கி வைத்தார். கொள்ளியை ஒவ்வொன்றாக இழுத்துத் தண்ணீர் தெளித்து நூர்த்தார், நூருகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சட்டி பானையைக் கழுவிக் கவிழ்த்தார். சாமியறையைக் கும்பிட்டுச் சாத்தினார், மழைக்கு இறுகின கதவை இழுத்துச் சாத்தினார். அறை அறையாகக் கூட்டி, குப்பையை அள்ளி, விளக்குமாற்றை மூலையில் சாத்தி வைத்தார். அவசரப்படவில்லை. சூரியன் வாகை மரத்துக்குப் பின்னால் போய்விட்டது, ஒருத்தரும் அவரைத் துரிதப்படுத்தவில்லை. கடைசியில் ஒரு வீட்டு மனிசி ஊருக்குப் போகிறபோது நிற்கிற மாதிரி நடுவீட்டில் நின்று, எல்லாம் சரியோ என்று சுற்றிப் பார்த்து, இறங்கி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, வாகை மரத்து வேரில் இருந்தார்.

யசோதினி ஏணியை வைத்து ஏறினாள். முகட்டோட்டில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. முதல் ஓட்டைக் கழற்றி அவள் கீழே நீட்டினபோது, நித்திரையான பெடியன் ஓடிப்போய் இரண்டு கையாலும் வாங்கினான். அவனிடமிருந்து அடுத்த பிள்ளை வாங்க, பத்தாம் ஆண்டு வகுப்பு முழுக்க வரிசையாகி, வரிசை எட்டாமல் போகக் கணக்கு வாத்தியாரும் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார், அதிபர் நின்றார், மேசன் கந்தப்பு "கவனம் கவனம், விளிம்பிலை பிடியுங்கோ" என்று சொல்லிக்கொண்டு நின்றார், கம்பிவேலிச் சனமும் ஒவ்வொருத்தராக வந்து வரிசையில் சேர்ந்து, தங்களுக்கு முன்னால் வந்த வெறுமையை நெஞ்சோடு அணைத்து வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். ஓடு முடிந்து, மரம் முடிந்து, சுவர் வந்தது. எல்லாருடைய முதுகும் வேர்வையில் நனைந்தது. நிலத்தில் வைத்த ஒவ்வொன்றும் நிலத்தோடு போனது. எறிந்தவர் ஒருத்தரும் இல்லை.

அத்திவாரக் கல்லை மட்டும் யசோதினி தனியாகத் தூக்கினாள், கழுத்து நரம்பு புடைக்க. இறக்கி வைத்தாள். கையைத் தட்டினாள். நிமிர்ந்து தாயைப் பார்த்தாள்.

இரத்தினேஸ்வரி வெறும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று ரீச்சர் பயந்துகொண்டு பக்கத்தில் குந்தினார். அவர் அழவில்லை. நெஞ்சில் கை வைத்து, வயிற்றுக்குக் கையைக் கொண்டுபோய், ஏதோ மறந்துபோன சாமான் அகப்பட்ட மாதிரி அந்த இடத்தை அமத்திப் பார்த்தார்.

"ரீச்சர், எனக்குப் பசிக்குது" என்றார்.

ரீச்சரின் பையில் மத்தியானம் சாப்பிடாமல் விட்ட புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன. ஆறிக் குளிர்ந்து போயிருந்தன. டப்பாவைத் திறந்து கையில் கொடுத்தார். இரத்தினேஸ்வரி குழைத்து ஒரு வாய் வைத்தார், மென்றார், விழுங்கினார். தொண்டையால் அது இறங்குவதை ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. இன்னொரு வாய் வைத்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"குழம்புக்கு உப்புக் காணாது."

யசோதினி அதைக் கேட்டாள். "கொண்டு வாறன் அம்மா" என்று சொல்லிக்கொண்டு திரும்பி, ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் விளக்கு எரிந்த முதல் வீட்டைப் பார்த்து, வீடு நின்ற மூலையைச் சுற்றிப் போகாமல், குறுக்காலே நேராக ஓடினாள்.